மரத்துக்கு இந்தப் பக்கம்

அக்காவுக்கு,

இன்று 2024 டிசம்பர் 30. 2011இல் தானே புயல் நம் கொல்லையைச் சாய்த்த நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் இதே நாளில்தான், நீ சிரித்த முகத்தோடு உன் படிப்பை விட்டுக்கொடுத்ததாக அந்த ஆறு கட்டக் காமிக்ஸை வரைந்து இணையத்தில் போட்டேன். அன்று ராத்திரி நீ அனுப்பியது ஒரே வரி. "நான் சிரிக்கலடா." அதற்கப்புறம் என்னோடு பேச்சே இல்லை.

போன மாசம் ஃபெஞ்சல் புயல் வந்து பாண்டிச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தபோது உன்னைக் கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. மாமாதான் அம்மாவுக்குப் பேசி, தண்ணி வாசப்படி வரைக்கும் வந்து நின்னுடுச்சு, எல்லாரும் மாடியில இருக்கோம் என்றாராம். இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணைத் தண்ணீர் கடலூர்ப் பக்கம் ஏறியபோது நீயே அம்மாவைக் கூப்பிட்டு, "அவன் எங்க இருக்கான்?" என்று கேட்டாயாம். அம்மா அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்கள். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வீட்டு விஷயத்தை ஏன் மறுபடியும் ஊர் பார்க்க எழுதுகிறாய் என்று உனக்குக் கோபம் வரும். தப்பான படத்தை எல்லோரும் பார்த்தார்கள். தப்பு என்று சொல்வதையும் அதே இடத்தில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் சிலவற்றைத் தொட மாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உன்னிடம் யார் என்ன கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அதை இங்கே எழுதப்போவதில்லை. முந்திரியும் பலாவும் நின்ற நம் கொல்லை இருந்த ஊர்ப் பெயரும் வேண்டாம். பண்ருட்டிப் பக்கம், அவ்வளவு போதும். மாமாவைப் பற்றி ஒன்று மட்டும்: அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, உன் படிப்புக் கதைக்கும் அவருக்கும் சம்பந்தமும் கிடையாது. படிக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

என் படங்களில் முகம் என்றால் ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு. ஏ5 நோட்டில் பக்கத்துக்கு ஆறு கட்டம் போட்டால் ஒரு தலைக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூடக் கிடைக்காது. பேச்சுப் பலூன்தான் இடத்தையெல்லாம் தின்றுவிடும். நம் சொற்கள் நீளம். ஒருத்தர் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் பாதிக் கட்டம் காலி. வரிகளை நெருக்கி எழுதவும் முடியாது, மேல் வரியில் 'கு', 'மு' போன்றவற்றின் கீழ்விலங்கும் கீழ் வரியில் 'கி', 'மீ' போன்றவற்றின் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளும். எல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தில் வாய்க்கு ஒரு கோடு இழுக்கலாம். மேலே வளைத்தால் சிரிப்பு, கீழே வளைத்தால் அழுகை. நேராக விட்டால் கோபம் என்று படிப்பார்கள். அழுகிற அக்காவை வரைய எனக்கு மனசு வரவில்லை. மேலே வளைத்துவிட்டேன்.

அந்த வளைவுக்குக் கீழே எத்தனை பேர் வந்து என்னென்ன எழுதினார்கள்! இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். தெய்வம் என்றார்கள். மூன்று வருஷமாக வரைகிறேன், அவ்வளவு பேர் பகிர்ந்த படம் வேறு இல்லை. எனக்கு அன்று பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

உண்மையில் நடந்தது என்ன? புயல் ஓய்ந்து நாலாம் நாள். கரண்ட் வரவில்லை. முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்து விறகு விலைக்குத்தான் போகும் என்று ஆகிவிட்டது. பலாமரத்துக்கு மட்டும் ஆள் வந்தார். மரத்தை ஏற்கெனவே ஏலம் எடுத்துவிட்டவர்போலக் கூடவே அளக்கிற டேப்பும் எடுத்து வந்தார். கிளைகள் முட்டுக்கொடுத்ததால் அந்தப் பெரிய மரம் தரையில் படியாமல், அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடந்தது. அந்த இடைவெளியில் டேப்பை வாங்கி மறுபடி மேலே விட ஒரு ஆள் வேண்டும். அப்பா என்னை அனுப்பினார். நான் செம்மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டேன். உன்னைக் கணக்கு எழுதச் சொன்னார்கள். நீ ஃபிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டாய். அது ஃபிசிக்ஸ் நோட்டு என்று எனக்கு முன்னமே தெரியும், அதற்கு நான்தான் அட்டை போட்டேன்.

"சுத்து ஆறு, நீளம் எட்டு" என்றார் வியாபாரி.

சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி எட்டால் பெருக்கினால் 18 கன அடி. மரம் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. உருண்டையான மரத்துக்கு அந்தக் கணக்கே குறைவு என்பதை வெகுநாள் கழித்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். உள்ளே 100 கன அடி இருந்தால் தாளில் 78 தான் வரும். நீ ப்ளஸ் டூ கணக்கில் இருந்தாய். உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நீ சொன்னாய், "ஆறு இல்லண்ணே." அதற்கப்புறம் ஒரு எண் சொன்னாய். சத்தமாக இல்லை, ஆனால் தெளிவாக. டேப்பை எட்டிப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாய். யாரும் பேசவில்லை. பிறகு அப்பாவின் குரல், "விடும்மா."

மரத்தடி இடைவெளியில் எனக்குத் தெரிந்தது மூன்று ஜோடிக் கால்கள். வியாபாரியின் தோல் செருப்பு. அப்பாவின் வெறுங்கால். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த உன் ஹவாய் செருப்பு. "விடும்மா" என்றதும் உன் கால்கள் இரண்டடி பின்னால் போயின. நோட்டை மூடிய சத்தம் கேட்டது.

அவ்வளவுதான் அக்கா. உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. நடுவில் மரம் கிடந்தது. பார்க்காத முகத்துக்குத்தான் அந்தச் சிரிப்பை வரைந்தேன்.

அன்று சாயங்காலம் மெழுகுவத்தி வெளிச்சத்தில், என் விரலெல்லாம் ஒட்டியிருந்த பலாப் பாலை நல்லெண்ணெய் தேய்த்து ஒவ்வொரு விரலாக நீதான் எடுத்துவிட்டாய். நகக்கண்ணில் இருந்ததைத் தீக்குச்சியால் சுரண்டினாய். ஒரு வார்த்தை பேசவில்லை. அதை ஏன் வரையவில்லை என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். வரைந்திருந்தால் நான் யார் என்பதும் அந்தப் பக்கத்தில் வந்திருக்கும். ஆறாவது கட்டத்தில் நர்சிங் விண்ணப்பத்தை நீ மடித்து வைப்பதோடு நிறுத்திவிட்டேன். மரம் விற்ற பணம் எங்கே போனது என்று அதில் இல்லை. உனக்குத் தெரியும். படித்தவர்களுக்காகச் சொல்கிறேன்: 2012 ஜூனில் அது என் பாலிடெக்னிக் ஃபீஸாகப் போனது. அக்கா பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தாள் என்று வரைந்தவன் அந்தப் பணத்தில் படித்தவன்.

என் பக்கத்து நியாயத்தையும் கேள். என் வாழ்க்கையை வரைகிறேன் என்று உட்கார்ந்தால் அதில் நான் மட்டும் எப்படி இருக்க முடியும்? வரைந்த புதிதில் உன்னிடம் ஹார்வி பீகாரைப் பற்றிச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? கிளீவ்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஃபைல் அடுக்குகிற கிளார்க். வரையத் தெரியாது. குச்சி மனிதர்களைப் போட்டு எழுதிக் கொடுத்து, மற்றவர்களை வரையவைத்து, 1976இல் இருந்து தன் அன்றாடத்தையே காமிக்ஸாக வெளியிட்டார். ரயில் பஸ்ஸில் போகிற நம்மைப் போன்றவர்களின் நாளும் கதைதான் என்று நான் குதித்தேன். நீ தோசையைத் திருப்பிக்கொண்டே, "வீட்டுல இருக்கிறவங்களைக் கேட்டாரா?" என்றாய். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அவருக்குப் புற்றுநோய் வந்த வருஷத்தைப் பற்றிய புத்தகத்தை அவரும் மனைவி ஜாய்ஸ் பிராப்னரும் சேர்ந்தே எழுதினார்கள், 1994இல் வந்தது. நான் உன்னைக் கேட்கவும் இல்லை.

ஆனால் ஒன்று, நீயும் என்னைக் கேட்டதில்லை. பிப்ரவரி 1ஆம் தேதி, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு குட்டிக் காமிக்ஸ் என்று பல நாடுகளில் வரைவார்கள். இந்த வருஷம் நானும் வரைந்தேன். அன்று அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். காலை ஐந்து மணியில் இருந்து ராத்திரி பதினொன்று வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து வரைந்தேன். அதை நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யார் கூட இருந்தது, யார் சொட்டு மருந்து விட்டது என்று தெரிந்திருக்கும். ஒரு வருஷமாக என்மேல் கோபப்பட உனக்கு நேரம் இருந்தது, ஒரு மணி நேர பஸ்ஸில் வந்து அம்மாவைப் பார்க்க எத்தனை தடவை நேரம் இருந்தது? அன்று அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் படிக்கணும்ப்பா என்று அப்பாவிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நீ சொல்லாததை நான் எப்படி வரைவது?

இந்தப் பத்தியை இரண்டு தடவை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். நீ சொன்னாய். "ஆறு இல்லண்ணே" என்றாய். பதினேழு வயசில் பெரியவர்கள் நடுவில் நின்று அவ்வளவு சொன்னாய், "விடும்மா" என்று பதில் வந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

பழைய படத்தை இன்று காலை எடுத்துவிட்டேன். புதிதாக ஒன்று வரைந்திருக்கிறேன். ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகிவிடும். சின்ன வயசில் நீ சொல்லிக்கொடுத்த மடிப்புதான். உன் முகம் அதில் எங்கேயும் இல்லை. நான் கிடந்த இடத்தில் இருந்தே எல்லாவற்றையும் வரைந்தேன்: கட்டத்தின் முக்கால்வாசிக்குப் பலாமரப் பட்டை, கீழே ஒரு சாண் வெளிச்சம், அதில் கால்கள். ஊக்கு குத்திய செருப்புக்கு மட்டும் 0.05 என்கிற மிக மெல்லிய பேனாவில் ஒரு சாயங்காலம் ஆனது. கடைசிப் பக்கத்தில் மெழுகுவத்தியும் நம் இருவர் கைகளும். ஸ்கேன் எடுக்கவில்லை, ஜெராக்ஸ் எடுக்கவில்லை. இருப்பது ஒரே பிரதி, நேற்று உன் பெயருக்குத் தபாலில் போட்டேன். வெளியே விடுவதா, உன் பீரோவிலேயே வைத்துக்கொள்வதா, கிழித்துப் போடுவதா என்பதை நீதான் சொல்ல வேண்டும். இனி உன் கால் விரல் வந்தாலும் உனக்குக் காட்டாமல் எதுவும் வெளியே போகாது.

ஐந்தாம் பக்கத்தில் மரத்துக்கு மேலே ஒரு பலூன் இருக்கும். "ஆறு இல்லண்ணே" என்று எழுதி, அடுத்த வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். ஆறரை என்று போட்டால் 21 கன அடிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, ஒரு மரத்திலேயே மூன்று கன அடி வித்தியாசம். ஆனால் நீ ஆறரை என்று சொன்ன மாதிரி என் காதில் இல்லை, அங்குலமும் சேர்த்துச் சொன்னாய். இந்தத் தடவை நானாக எதையும் போடவில்லை.

என்ன எண் சொன்னாய் அக்கா?

தம்பி
கடலூர்