அது கடைசிப் புலி இல்லை, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு புலிப் படம் போட்டாயே, 'உலகின் கடைசி காஸ்பியன் புலி, பெர்லின் மிருகக்காட்சிசாலை, 1899' என்று. உன் அத்தை உடனே அழுகிற பொம்மை ஒன்றைப் போட்டாள். நான் மட்டும் 'அது கடைசிப் புலி இல்லை' என்று எழுதினேன். 'அப்போ எது கடைசி?' என்று கேட்டாய். அங்கே பதில் சொன்னால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன், மற்றவர்களும் படித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் அந்தப் படம். நீ அனுப்பியதில் புலி நல்ல ஆரஞ்சு நிறத்தில், நம்மூர் புலி மாதிரியே பளபளவென்று இருக்கிறது. மூலப் படம் கருப்பு வெள்ளை. யாரோ கணினியில் சாயம் பூசியிருக்கிறார்கள், வங்கப் புலியின் சாயத்தை. காஸ்பியன் புலியின் தோல்களைப் பார்த்தவர்கள் எழுதிவைத்தது வேறு: வரிகள் ஒடுக்கமாக, நெருக்கமாக இருக்கும், பல இடங்களில் கருப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் வயிற்றிலும் பிடரியிலும் முடி நீண்டு வளரும். நீ அனுப்பிய படத்தில் ஜம்மென்று கருப்புக் கோடுகள். சரி, அதை விடு.

1899இல் காஸ்பியன் புலிகள் நன்றாகவே இருந்தன. துருக்கியின் கிழக்கிலிருந்து காகசஸ், வட ஈரான், அப்புறம் மத்திய ஆசியாவின் ஆற்றோரங்கள் முழுக்க. அமு தரியா, சிர் தரியா, இலி ஆறுகளை ஒட்டிய நாணல் காடுகளில் காட்டுப்பன்றிகளைத் தின்று வாழ்ந்த புலிகள் அவை. ரஷ்யக் குடியேற்றம் வந்தது, வேட்டை வந்தது, பருத்திக்காக ஆற்றுநீரைத் திருப்பி நாணலை அழித்தார்கள். பன்றி போனது, பின்னாலேயே புலியும் போனது. 1922இல் ஜார்ஜியாவின் திபிலிசிக்குப் பக்கத்தில் சுட்ட ஒரு புலியைப் பாடம் செய்து அந்த ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். தஜிகிஸ்தானில் 1938இலேயே புலியின் பெயரை வைத்து, 'திக்ரோவயா பால்கா' என்று ஒரு காப்பகம் அமைத்தார்கள். 1950களில் அங்கேயும் முடிந்துவிட்டது. பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது. துருக்கியின் உலுதெரேயில் ஒரு புலியைச் சுட்டது 1970இல். அந்தச் செய்தி அறிவியல் உலகத்துக்குப் போய்ச் சேரவே சில வருடங்கள் ஆயின. ஆக, பெர்லினில் படம் எடுத்து எழுபத்தோரு வருடம் கழித்தும் காட்டில் புலி இருந்தது.

நீ போட்ட படம் ஜூவில் எடுத்தது என்பதால் அங்கே வருகிறேன். இந்தப் புலியைக் கூண்டுகளின் வழியாகத் தேடிப் போனால் தடம் நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கங்கே அறுந்து கிடக்கிறது. ரோமாபுரியிலேயே ஆரம்பிக்கலாம். கி.மு. 11இல் அகஸ்டஸ் சீசர் ஒரு புலியைக் கூண்டில் வைத்து மக்களுக்குக் காட்டினார். அது எந்த ஊர்ப் புலி? காஸ்பியன் கடலுக்குத் தெற்கே இருந்த ஹிர்கேனியாவைப் புலிகளின் நாடு என்றே ரோமானியர்கள் சொல்வார்கள். அதனால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதைக் காஸ்பியன் புலி என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதற்குச் சில வருடங்கள் முன்னால்தான், கி.மு. 20இல், சாமோஸ் தீவில் இருந்த அகஸ்டஸிடம் ஓர் இந்தியத் தூதுக்குழு புலிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது. அகஸ்டஸிடம் தூது அனுப்பிய இந்திய அரசன் பாண்டியன் என்றும், இல்லை போரஸ் என்றும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இரண்டு பேரைச் சொல்கிறார். பாண்டியன் என்றதும் மீசையை முறுக்காதே. நான் சொல்ல வந்தது வேறு: கூண்டில் இருந்த புலி எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று ஒருவர் எழுதிவைக்காவிட்டால், பின்னால் யார் வேண்டுமானாலும் அதைத் தன் ஊர்ப் புலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெர்லின் புலிக்கு அந்த அதிர்ஷ்டம் கொஞ்சம் இருந்தது. காகசஸிலிருந்து வந்த பெண்புலி என்று தெரியும். அதற்கு அப்புறம் மாஸ்கோவில் ஒன்று, வட ஈரானில் பிடித்தது. 1950களில் ஹாம்பர்க்கில், விலங்கு வியாபாரி ஹாகன்பெக்கின் பெயரில் உள்ள பூங்காவில் ஒரு பெண்புலி, அதுவும் ஈரானிலிருந்து வந்ததுதான். இப்படி ஒன்று ஒன்றாகச் சொல்கிறேன் பார், அதில்தான் விஷயமே இருக்கிறது. எங்கே பார்த்தாலும் ஒற்றைப் புலி. பெர்லினில் பெண் இருந்தபோது வேறெங்கோ ஒரு ஆண் இருந்ததா, இரண்டையும் சேர்க்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. கூண்டில் குட்டி போடாத பிராணியும் இல்லை புலி. ஜோடி சேர்த்துவிட்டால் போதும், பூனை மாதிரி பெருகும். பழைய ஜூக்காரர்களுக்குப் புலி என்றால் புலி. இந்தியப் புலியோடு சேர்த்தாலும் குட்டி குட்டிதான், காசு காசுதான்.

இதை ஒரு குதிரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார். ப்ரெஸ்வால்ஸ்கி குதிரை கேள்விப்பட்டிருப்பாய், மங்கோலியப் பக்கத்துக் காட்டுக்குதிரை. குட்டையான உடம்பு, துடைப்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பிடரி. 1901இல் அதே ஹாகன்பெக்கின் ஆட்கள் பிடித்த 28 குட்டிகள் ஹாம்பர்க் வந்து சேர்ந்தன. அங்கிருந்து பல ஜூக்களுக்குப் போயின. 1960களின் கடைசியில் காட்டில் அந்தக் குதிரை இல்லாமலே போய்விட்டது. ஆனால் கூண்டுகளில் இருந்தவற்றுக்கு ஒரு வம்சாவளிப் பதிவேடு இருந்தது. 1959இல் அச்சாகி, பிராக் ஜூவின் பொறுப்பில் இருந்த பதிவேடு. எந்தக் குதிரைக்கு எது தாய், எது தகப்பன், எது யாருக்குச் சித்தப்பன் மகன் என்று வரிசையாக எழுதிய ஏடு. கல்யாணப் புரோக்கர் வைத்திருக்கும் ஜாதக நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள். ஒரு டஜன் சொச்சம் மூதாதையரிலிருந்து இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புலிகளுக்கு அப்படி ஒரு சர்வதேசப் பதிவேட்டை ஜெர்மனியின் லைப்சிக் ஜூ எடுத்து நடத்த ஆரம்பித்தது 1970களில். அதில் சைபீரியப் புலி வந்தது, சுமத்ராப் புலி வந்தது. காஸ்பியன் புலிக்கு ஒரு பக்கம் ஒதுக்கக்கூட எந்தக் கூண்டிலும் ஒன்று மிச்சமில்லை.

கூண்டில் பிறக்கவைத்துக் காப்பாற்றுவதே பெரிய தர்மம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஜூ என்றாலே கொஞ்சம் கசப்புதான், உனக்கே தெரியும். ஆனால் பிடித்து அடைத்தது அடைத்தாயிற்று, பெயரையாவது ஒழுங்காக எழுதியிருக்கலாம் என்ற ஆதங்கம் போகவில்லை.

இனிமேல்தான் கதை திரும்புகிறது. 2009இல் ஆய்வாளர்கள் பல அருங்காட்சியகங்களில் கிடந்த இருபதுக்கும் மேற்பட்ட காஸ்பியன் புலிகளின் மிச்சங்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தார்கள். எலும்புத் துணுக்கு, காய்ந்த தோல், இந்த மாதிரி. அதில் மாஸ்கோ ஜூவில் இருந்த அந்த ஈரான் புலியும் ஒன்று. முடிவு என்ன தெரியுமா? அவர்கள் படித்த டி.என்.ஏ. பகுதியில் காஸ்பியன் புலிக்கும் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் இன்றும் உலவும் சைபீரியப் புலிக்கும் அந்த நீண்ட வரிசையில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். சுமார் பத்தாயிரம் வருடங்களுக்கு முன்னால் சீனாவின் கன்சு இடைவழியாக, பின்னாளில் பட்டுப் பாதை போன வழியிலேயே, மேற்கே நடந்து பரவிய கூட்டம் என்று அவர்கள் கணக்கு. 2017இல் பூனைக்குடும்ப வல்லுநர்கள் ஆசியப் பெருநிலத்துப் புலிகள் எல்லாமே ஒரே துணையினம், அதாவது புலி இனத்துக்குள் ஒரே கிளை, என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஏற்றாலும், அந்த நாணல் காட்டில் பன்றியைத் துரத்திய புலி இல்லாமல் போனது போனதுதான்.

அந்த ஓர் எழுத்தை நம்பித்தான் புலியைத் திரும்பக் கொண்டுவர ஈரான் முதலில் இறங்கியது. 2010இல் ரஷ்யாவிடம் சிறுத்தைகளைக் கொடுத்துவிட்டு ஒரு ஜோடி சைபீரியப் புலிகளை வாங்கிக்கொண்டது. டெஹ்ரான் ஜூவில் வைத்துப் பழக்கி, பிறகு காஸ்பியன் கரையில் இருக்கும் மியான்காலேவில் விடுவதாகத் திட்டம். அந்த வருட டிசம்பரிலேயே ஆண்புலி கிளாண்டர்ஸ் நோயில் செத்தது. குதிரை, கழுதைகளுக்கு வரும் நோய் அது. நோய்ப்பட்ட இறைச்சி வழியாகப் புலிக்கு ஒட்டும். மறுபடியும் ஒற்றைப் புலி, மறுபடியும் கூண்டு. படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கஜகஸ்தான் கொஞ்சம் பொறுமையாகப் போகிறது. 2018இல் இலி ஆறு பால்காஷ் ஏரியில் கலக்கும் இடத்தில் ஒரு காப்பகத்தை அறிவித்தது. முதலில் சாப்பாட்டுக்கு வழி செய்ய வேண்டுமே, அதனால் புகாரா மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். காட்டுக்கழுதைகளும் வந்தன. 2024 நவம்பரில் நெதர்லாந்தின் ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து போதனா, குமா என்று இரண்டு சைபீரியப் புலிகள் விமானத்தில் வந்து இறங்கின. கூண்டில் வளர்ந்த புலிகளைக் காட்டில் விட முடியாது. அதனால் அவை பெரிய வேலிக்குள்ளேயே இருக்கும். குட்டி போட்டால், அந்தக் குட்டிகளை மனிதரைப் பார்க்காமல் வளர்த்து வெளியே விடுவதாக எண்ணம். எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது, மறைக்கவில்லை. இன்னொன்றும் கேள்: அதே 2024 ஜூன் மாதம், அதே கஜகஸ்தானின் புல்வெளிக்கு ஏழு ப்ரெஸ்வால்ஸ்கி குதிரைகள் வந்து இறங்கின, பிராகிலிருந்தும் பெர்லினிலிருந்தும். ஆமாம், பெர்லின்தான். பதிவேட்டில் இருந்த குதிரை, அதே குதிரையாகவே திரும்பி வந்தது. பதிவேட்டில் இல்லாத புலிக்குப் பதிலாக அதன் பங்காளி வந்திருக்கிறது.

அதனால் மாப்பிள்ளை, அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுக்க வேண்டாம். சாயம் பூசாத மூலப் படம் இணையத்திலேயே கிடைக்கும், அதைத் தேடி எடுத்துப் போடு. கீழே இருக்கிற எழுத்தை மட்டும் மாற்று. 'கடைசி' வேண்டாம். 'பெண்புலி. காகசஸிலிருந்து வந்தது. பெர்லின், 1899.' இவ்வளவு போதும். கேட்டால் அத்தைக்கு மட்டும் முழுக்கதையைச் சொல், அவள் ஏற்கெனவே அழுதுவிட்டாள்.

அன்புடன்,
மாமா