சாப்பாட்டு நேரம்

அம்பாசமுத்திரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன விஷயம் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ கடையில் ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆனதை அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் "ஒருத்தி சாப்பிடப் போய் நாற்பது நிமிஷம் கழிச்சு வந்தா, எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டுட்டேன்" என்றாயே, அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பதினேழு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவள். ஒரு தீபாவளி சமயம், மாடிப்படிக்கு அடியில் சேலை வந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி டிபன் பாக்ஸைத் திறந்தபோது மணி நாலரை. காலையில் பிசைந்த தயிர் சோறு புளித்து நீர் விட்டிருந்தது. இரண்டாவது வாய் வைப்பதற்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்படியே ஓடினேன். வாயில் சோறு இருந்ததால் சேலை வாங்க வந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியவில்லை, விலைச் சீட்டை விரலால் காட்டினேன். அவர் முகம் சுளித்துக்கொண்டு அடுத்த கவுண்டருக்குப் போய்விட்டார். அன்றைக்கு என்னையும் எல்லார் முன்னாலும்தான் திட்டினார்கள்.

பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருப்போம். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் மாடியில் யாரும் கிடையாது. சின்ன வயசில் என் காலைத் தொட்டுப் பார்த்து "அம்மா, உள்ளே பச்சைப் புழு இருக்கு" என்று அழுதாயே, அந்த நரம்புச் சுருட்டல் நின்று நின்றே வந்தது.

அப்போதே சட்டம் இருந்தது, பாப்பா. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. கடையில் வேலை செய்பவரிடம் ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால், நடுவில் குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு விட வேண்டும் என்று அதில் இருக்கிறது. நீ சத்தம் போட்ட பெண் எடுத்துக்கொண்டது நாற்பது நிமிஷம். மிச்சம் இருபது நிமிஷம் நாம்தான் அவளுக்குக் கடன்.

உட்காரும் உரிமை மட்டும் புதுசு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்கார இடம் கேட்டார்கள். விஜி என்ற தையல்காரப் பெண் 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பு தொடங்கி அவர்களைத் திரட்டினார். கேரளாவில் 2018-ல் சட்டம் திருத்தினார்கள். 2021-ல் நம் சட்டமன்றத்திலும் திருத்தம் வந்தது. ஊழியர் எல்லாருக்கும் கடையில் இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். உன் மாடியில் ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால் அதன் மேல் துணிக்கட்டு அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்.

ஆடித் தள்ளுபடியில் கூட்டம் நெரியும், மேலே இருப்பவர்கள் உன்னை நெருக்குவார்கள். அது எனக்குத் தெரியாதா? அதனால் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள். ஒன்பதரைக்கு வரும் ஷிப்டில் உனக்குப் பன்னிரண்டு பேர் என்றாய். பதினொன்றரைக்கு நாலு பேர், பன்னிரண்டரைக்கு நாலு பேர், ஒன்றரைக்கு நாலு பேர் அனுப்பினால் சாப்பாட்டுக்கு முன்னால் யாருக்கும் 4 மணி நேரம் தாண்டாது, எந்த நேரமும் எட்டுப் பேர் கவுண்டரில் இருப்பார்கள். பதினொன்றரைக்கே என்ன சோறு என்று முணுமுணுப்பார்கள், அதனால் அந்த முறையைத் தினமும் மாற்றிவிடு. முதலில் சாப்பிட்டவர்களுக்குச் சாயங்காலம் சீக்கிரம் பசிக்கும், டீக்கு அவர்களை முதலில் விடு. இதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் யாரும் உன் முகத்தைப் பார்த்துத் தயங்கி நிற்க வேண்டியதில்லை. மேனேஜர் கேட்டால் சட்டத்தைச் சொல். பயமாக இருந்தால் தொழிலாளர் உதவி ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்று சொல், அதற்கு மதிப்பு இருக்கும்.

அந்தப் பெண்ணிடம் போய் ஒரு வார்த்தை பேசு. எல்லார் முன்னாலும் திட்டினாய், பேசுவதும் எல்லார் முன்னாலும் இருக்கட்டும்.

நீ எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய்? அந்தத் தாளில் உன் பேரையும் சேர்த்து எழுது. எழுதியதைப் போட்டோ எடுத்து அப்பா போனுக்கு அனுப்பு, பார்க்க வேண்டும் எனக்கு.

அன்புடன்,
அம்மா