ஐந்தாம் நாள் படம்

பழைய வண்ணாரப்பேட்டை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சாந்திக்கு,

திட்டாதே. எட்டு மாதமாகப் பதிலே போடாதவள் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று அண்ணனிடம் சொல்லிச் சிரிப்பாய். போனில் பேசலாம்தான். ஆனால் மகள் நித்யா பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். இந்த வீட்டுச் சுவருக்குக் காது மட்டுமில்லை, வாயும் உண்டு.

அவளுக்கு டெஸ்ட் டியூப் வைத்தியம் பார்க்கிறோம், டீ. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிவிட்டது. எங்கே என்று கேட்காதே. சூடு வைத்த ஆட்டோ மீட்டர் மாதிரி பில் ஏறுகிறது, அவ்வளவு போதும். வரவேற்பறைச் சுவரில், உலகத்தின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். அதே 1978இல், இரண்டு மாதம் சொச்சம் கழித்து, கல்கத்தாவில் நம் நாட்டின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை துர்காவைப் பிறக்க வைத்த டாக்டர் சுபாஷ் முகர்ஜியைக் காணோம். அன்றைக்கும் அவரை நம்பாமல்தானே சாகவிட்டார்கள். சரி, அதை விடு.

பதினோரு முட்டை எடுத்தார்கள், எட்டு கருவானது. அப்புறம் தினமும் காலை பத்தரைக்கு லேபிலிருந்து ஒரு பெண் போன் செய்து மார்க் படிப்பதுபோல் சொல்வாள். இரண்டாம் நாள் நாலு செல். மூன்றாம் நாள், ஆறு கரு எட்டு செல்லில் இருக்கிறது. நான்காம் நாள் போனே வரவில்லை. காசிமேட்டுச் சங்கராவை ஆய உட்கார்ந்தவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூனை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை.

நான்காம் நாள் என்றால் மொரூலா. முசுக்கொட்டைப் பழம்போல் இருக்கும் என்று காலேஜில் மேடம் சொன்னதும், 'ஈச்சம்பழம் மாதிரியா மேடம்?' என்று கேட்டுவிட்டு வெளியே நின்றாயே! அந்த 33 மணி நேரக் கோழிக் கரு ஸ்லைடு யார் கையிலிருந்து விழுந்தது என்று இன்றுவரை நான் வாயைத் திறக்கவில்லை, ஞாபகம் வைத்துக்கொள். அந்த ஸ்லைடில் இதயமே தெரியும். மனிதக் கரு 33 மணி நேரத்தில் இரண்டே செல்லாகத்தான் நிற்கும். அப்போது பரீட்சைக்கு எழுதியதுதான், இப்போதுதான் உறைக்கிறது. முதல் ஐந்து நாள் அது வளர்வதே இல்லை, சாந்தி. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முட்டை, மேலே கண்ணாடி மாதிரி ஓர் உறை. அதற்குள்ளேயே இரண்டு, நாலு, எட்டு என்று பிரியப் பிரிய ஒவ்வொரு செல்லும் சின்னதாகிக்கொண்டே போகிறது. நம் தெரு ஒண்டுக்குடித்தனத்தில் அண்ணன் தம்பிகளுக்குக் கல்யாணம் ஆக ஆகத் தட்டி கட்டித் தடுத்துக்கொண்டே போவார்களே, அப்படி. அதுவரை அம்மாவின் முட்டை கட்டிக்கொடுத்த சோறுதான். கருவின் சொந்த ஜீன்கள் முழுசாக வேலையில் இறங்குவதே நாலு, எட்டு செல் ஆகும்போதுதான். நிறையக் கரு அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது.

ஐந்தாம் நாள் மூன்று தேறியது. புதன்கிழமை ஒன்றை உள்ளே வைத்தார்கள், இரண்டை உறையவைத்தார்கள். ஏடிஎம் ரசீது அளவுத் தாளில் ஒரு படம் தந்தார்கள். நீர் கோத்த ஒரு வட்டம், ஓரத்தில் ஒரு சின்னக் கொத்து. அந்தக் கொத்துதான் பிள்ளையாகும். சுற்றியிருக்கிற வரிசை நஞ்சுக்கொடிக்குப் போகும். நித்யா அதைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். தும்மினால் விழுந்துவிடுமா என்று கேட்கிறாள். கருப்பையின் இரண்டு சுவரும் ஒட்டித்தான் இருக்கும், கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி, விழாது என்று வீரமாகச் சொல்லிவிட்டு, குக்கர் விசில் அவளைத் திடுக்கிட வைக்குமோ என்று பயந்து சோற்றை வடித்துக்கொண்டிருக்கிறேன். பி.எஸ்ஸி. ஜுவாலஜி!

இந்நேரம் அது உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து சுவரில் ஒட்டிப் புதைந்துகொண்டிருக்க வேண்டும். அல்லது நின்றிருக்கும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது.

சாந்தி, 1994இல் உனக்குக் கலைந்தபோது ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தேனே. 'அழாதே டீ, இன்னும் வெறும் செல்லுதானே' என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். ஒன்பதாவது வாரம் அது. பாடப்படியே பார்த்தாலும் நான் சொன்னது தப்பு. அதற்கு முன்பே இதயம் துடித்திருக்கும். இப்போது இவளுக்கு வைத்திருப்பதுதான் வெறும் செல், நூறு வாக்கில் இருக்கும். அதற்கே எனக்குக் கை நடுங்குகிறது. நீ அதற்கப்புறம் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருக்கலாம், டீ.

அடுத்த வாரம் சனிக்கிழமை ரத்தப் பரிசோதனை. கோவையிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறு. சென்ட்ரலில் மெட்ரோ பிடித்தால் வண்ணாரப்பேட்டையில் இறங்கிவிடலாம், மாப்பிள்ளை வந்து அழைத்துக்கொள்வார். என் மாமியாரிடம் மட்டும் வாயைக் கொடுக்காதே. நித்யாவுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

வரும்போது வர்க்கி வாங்கி வா. ஆரஞ்சு வேண்டாம்.

உன்,
மல்லி