பெயருக்குத்தான் 31

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூர் வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை லேபில் 22 வருடமாக இருக்கிறேன். எதையும் நொடியில் தேடித் தரும் டேட்டாபேஸ் பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

பையர் அனுப்பும் துணியை, நிறம் அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் வைத்தால், ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை, பத்துப் பத்தாக, துணி எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று 31 எண்கள் வரும். (ஈரத்தோடு வைக்கும் பையன்களை என்ன செய்ய!) பழைய ஷேடுகளில் இதற்கு மிக நெருங்கியது கிடைத்தால் அந்தச் சாய ரெசிபியிலிருந்தே லேப் டிப்பை, அதாவது மாதிரிச் சாயமிடலை, தொடங்கலாம். எங்களிடம் 60,000 ஷேடு இருக்கிறது.

போன வருடம் ஒரு மென்பொருள்காரர் வந்தார். எல்லா ஷேடையும் படிக்காமல் நெருங்கியதை மட்டும் எடுத்துத் தரும் தனி இன்டெக்ஸ் போட்டால் நூறு மடங்கு வேகம் என்றார். டெமோ காட்டியதோ நிறத்தைச் சுருக்கிச் சொல்லும் எல், ஏ, பி என்ற மூன்றே எண்களில். 31-க்கும் ஓடுமா என்றேன். "அதெல்லாம் ஓடுமுங்க" என்றார், அவ்வளவுதான்.

கோவையில் கம்ப்யூட்டர் படிக்கும் அக்கா மகளைக் கேட்டேன். "ஆகாதுங்க மாமா" என்றாள். எண்கள் சீராகச் சிதறிக் கிடந்தால், பத்துப் பரிமாணம் (ஒன்றுக்குப் பத்து எண்) தாண்டியதும் இன்டெக்ஸ் டேட்டாவின் அநேகமாக எல்லாப் பக்கத்தையும் புரட்டும், நேராகப் படித்துவிடுவதே மேல் என்று வெபர், ஷெக், பிளாட் என்ற ஆராய்ச்சியாளர் மூவரும் 1998-லேயே காட்டிவிட்டார்களாம்.

ஆனால் சாயம் அப்படிச் சிதறாது. 510-இல் வந்ததைச் சொன்னால் 520-இல் வரப்போவதை நானே சொல்லிவிடுவேன். பெயருக்குத்தான் 31, தனித்து அசைபவை சிலதான்.

பிறகு அவளே 6,000 ஷேடைக் குலுக்கி எடுத்து, நெருங்கிய ஷேடுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைக்கும் 'மரம்' என்ற இன்டெக்ஸைச் சின்னதாகக் கட்டி, பழைய ஆர்டர் 200-ஐத் தேடவிட்டு, எத்தனை பெட்டியைத் தொடுகிறது என்று எண்ணினாள். இப்படி மாதிரி மட்டும் எடுத்தால் பெட்டிகள் உள்ளதைவிடச் சுருங்கிவிடும். அதற்கு ஈடுகட்டுவதிலேயே ஒரு சாயங்காலம் போனது. ஒரு பெட்டி ஒரு பக்கம் என்ற கணக்கில், கடைசியில் ஒரு தேடலுக்கு வந்தது நூற்றுக்குப் பன்னிரண்டு பக்கம். எட்டு மடங்கு லாபம்தான், அதிலும் தாண்டித் தாண்டிப் படிப்பதில் பாதி போய்விடும். 60,000 ஷேடின் 18,60,000 எண்களையும் எங்கள் பழைய கம்ப்யூட்டர் கண் சிமிட்டுவதற்குள் படித்துவிடுகிறது. வாங்கவில்லை.

இனி இப்படி வேகக் கணக்கு போடும்போது, எத்தனை எண் கொண்ட, யாருடைய டேட்டாவில் அளந்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
லேப் மேற்பார்வையாளர்,
வீரபாண்டி, திருப்பூர்.