வேலூர் ஜீன் சிகிச்சை பற்றிக் கேட்டவர்களுக்கு

வணக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்) ஜீன் சிகிச்சை பற்றிய செய்தியை இங்கே பலர் பகிர்கிறீர்கள். செய்தி உண்மைதான், முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. நோயாளியின் ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உருவாக்கும் செல்) எடுத்து, ரத்தம் உறையத் தேவையான ஃபாக்டர் 8 புரதத்தின் ஜீனைச் சேர்த்து, கீமோ (எலும்பு மஜ்ஜையில் உள்ள பழைய செல்களை அழிக்கும் மருந்து) கொடுத்த பிறகு அவருக்கே திருப்பி ஏற்றுகிறார்கள். அதன்பின் கண்காணித்த காலத்தில் யாருக்கும் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் மொத்தமே 5 பேர், எல்லோரும் பெரியவர்கள். இது இன்னும் ஆய்வுதான். 'நிரந்தரத் தீர்வு' என்று ஃபார்வர்டு செய்வது கொஞ்சம் ஓவர்! பிள்ளைகளுக்குப் போடும் ஃபாக்டர் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், எந்த ஆய்வில் சேரச் சொன்னாலும் தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.