அண்ணாவுக்கு: வரம்பு தெரியாத வரைபடம்

அண்ணா,

என்னை அமெரிக்காவுக்குக் கூப்பிட நீங்கள் போட்ட குடிவரவு மனுவின்ர பிரதி கிடைச்சது. கோவிக்காதேங்கோ, நான் வரேல்லை. இஞ்ச கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்திலயே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதியப்போறன்.

"இஞ்ச வந்தால் உனக்கும் அந்தப் புலமைப்பரிசில் கிடைக்கும்" எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறீங்கள். கணினியால விஞ்ஞானக் கணக்குப் போடுற ஆராய்ச்சி மாணவருக்கெண்டு 1991ல தொடங்கின அந்த அமெரிக்க எரிசக்தித் திணைக்களத் திட்டம் அந்த நாட்டுப் பிரசையளுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவைக்கும்தான். கிறீன் கார்ட் லொத்தர் உங்களுக்கு விழுந்தது, எனக்கு விழேல்லை. சகோதரத்துக்குப் போடுற மனு 15 வருசத்துக்கு மேல இழுக்கும். அதுக்குள்ள எனக்கு வெள்ளெழுத்து வந்திடும்.

பொறாமை இல்லையெண்டால் பொய். நாலு வருசம் வரைக்கும் காசு உங்கட பேரிலயே வந்தது. பேராசிரியரின்ர நிதியைப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. 12 கிழமை தேசிய ஆய்வுகூடத்தில வேலை வேற. ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில, 2018ல உலகத்திலயே வேகமான கணினியெண்டு பேரெடுத்த சம்மிட்டுக்குப் பக்கத்தில நிண்டு நீங்கள் அனுப்பின படத்தை அம்மா ஒழுங்கை முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினவ. நானும்தான் காட்டினன்.

மற்றப் படம்தான் எனக்கு இன்னும் ஆறேல்லை.

2018 மார்கழி, இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்த இரவு. கரண்ட் இல்லை. விதைநெல் மூட்டையைக் கட்டிலில ஏத்திப்போட்டு அம்மா ஆட்டுக்குட்டியளைக் குசினிக்குள்ள கலைச்சுக்கொண்டு நிக்கிறா. உங்கட கோல் வருது. மழை வரைபடம் உங்கட திரையில சிவப்பாக் கிடக்காம். "வீட்டு முத்தத்தில தண்ணியை ஒரு படம் எடு. பக்கத்தில எதையாவது நிமித்திப் பிடி, ஆழம் தெரியவேணும்." நான் உலக்கையைக் கொண்டுபோய் ஊண்டினன். பூணுக்கு மேல ஒரு சாண் தண்ணி. ஒரு கையில உலக்கை, மற்றக் கையில போன், காலுக்கை ஏதோ ஊருது. போனில சார்ச் கடைசி. "கொஞ்சம் கிட்ட எடு" எண்டனீங்கள். எடுத்தன். அம்மா எப்பிடி இருக்கிறா எண்டு கேக்க முந்தி போன் நிண்டுபோச்சு. கேக்க வந்தனீங்கள்தான். எனக்குத் தெரியும்.

அந்தப் படம் வாசிங்டன் பக்கத்துக் கூட்டத்தில உங்கட முதல் சிலைட். என்ர கையை வெட்டிப்போட்டு உலக்கை மட்டும் நிண்டது.

காணிக் கதையை இதில எழுதேல்லை, ஊராக்களும் வாசிக்கினம். 2009ஐயும் விடுங்கோ.

வேலைக் கதைக்கு வாறன். வெள்ளத்தைக் கணிக்கிற உங்கட கணினி மாதிரி (model) ஓடுறது 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வைக்கிற செய்மதி உயரத் தரவில. அதில வயல் வரம்பு தெரியாது, மதகு தெரியாது. இஞ்ச தண்ணி வரம்பில முட்டித்தான் திரும்பும். அதை ஆரேன் நடந்து அளக்கவேணும். எவ்வளவு பெரிய கணினியெண்டாலும் குடுக்காத வரம்பை அது எங்கயிருந்து எடுக்கும்? எனக்கு மாசக் காசு ஒருத்தரும் தரேல்லை. ரியூசன் காசுதான். சமாளிப்பன்.

உங்களைக் குத்த எழுதேல்லை. கொஞ்சம் குத்தத்தான் எழுதினன்.

மனுவைத் திருப்பி எடுக்கவேண்டாம், கிடக்கட்டும். அந்த மாதிரிக்கு நீங்கள் எழுதின கணினி நிரலை (code) மட்டும் அனுப்புங்கோ, விளக்கத்தோட. அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ, நான் சொன்னால் சண்டைதான்.

உங்கட தங்கச்சி