கடல் எச்சரிக்கைக்கும் ஒரே செயலிதானா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரும் தொழில்நுட்ப நிறுவனங்களின் ஆதிக்கத்துக்கு எதிராக நாடு நாடாக எதிர்ப்பு கிளம்புகிறது. இது பெருநகரத்துக்காரர்களின் பிரச்சினை என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள எங்கள் குமரி மாவட்டக் கடற்கரைக்கு வந்து பார்த்தால் அப்படி நினைக்க மாட்டார்கள்.

காற்று எச்சரிக்கை, கள்ளக்கடல் (காற்றின் அறிகுறியே இல்லாமல் திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை, மீன் விலை, தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போன விசைப்படகைப் பற்றிய தகவல், மானியத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று அனைத்தும் இன்று வாட்ஸ்அப் குழுக்களில்தான் வருகின்றன. சில அலுவலகங்களில் கேட்டால், "குழுவில் போட்டுவிட்டோமே" என்பதுதான் பதில். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மக்கள் வரிப்பணத்தில் கணித்துச் சொல்லும் அலை உயரம், ஒரு அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் தயவில் எங்கள் மீனவர்களுக்கு வந்து சேருகிறது. ஒக்கிப் புயல் வீசிய 2017 நவம்பர் 30 அன்று எச்சரிக்கை உரிய நேரத்தில் ஆழ்கடலை எட்டவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை வீடுகளில் அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை. அதைப் பார்த்த பிறகும் எச்சரிக்கைக்கு ஒரே வழியை நம்பியிருப்பது கொடுமை.

இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2021 பிப்ரவரியில், தங்கள் தளங்களில் வரும் செய்திகளுக்காக பேஸ்புக் போன்ற நிறுவனங்கள் ஊடகங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று ஆஸ்திரேலியா சட்டம் கொண்டுவந்தபோது, பேஸ்புக் அந்த நாட்டில் செய்திப் பக்கங்களை முடக்கியது. அந்த வீச்சில் வானிலை ஆய்வு மையத்தின் பக்கமும் தீயணைப்பு, சுகாதாரத் துறைகளின் பக்கங்களும் சேர்ந்து முடங்கின. பெருந்தொற்றும் காட்டுத்தீப் பருவமும் சேர்ந்திருந்த நேரம் அது! பிறகு அரசுப் பக்கங்களைத் திருப்பித் தந்தார்கள் என்பது வேறு விஷயம். பறிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது என்பதே என் கவலை. அதே ஆண்டு அக்டோபர் 4 இரவு பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் ஒன்றாக நின்றன. 2012இல் இன்ஸ்டாகிராமையும் 2014இல் வாட்ஸ்அப்பையும் பேஸ்புக்கே வாங்கிக்கொண்டதால், ஒன்று விழுந்தபோது மூன்றும் விழுந்தன. எங்கள் வள்ளங்கள் கடலில் இறங்குவதும் அந்த இருட்டு வேளையில்தான்.

எதிர்த்தால் பலன் இருக்காது என்று சொல்வோருக்கு 2015ஐ நினைவுபடுத்துகிறேன். இணையச் சமநிலை, அதாவது எல்லாத் தளங்களையும் பாகுபாடின்றி ஒரே மாதிரி அணுகும் உரிமை கேட்டு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் குவிந்தன. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் பேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம், 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் பிறப்பித்த விதிமுறையால் இந்தியாவில் நின்றது. பயனர் தகவல்களை பேஸ்புக்குடன் பகிர ஒப்புக்கொள்ளச் சொன்ன வாட்ஸ்அப்பின் 2021 தனியுரிமைக் கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு (பேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், வேறு செயலி வைத்திருப்பவரும் வாட்ஸ்அப் பயனருக்குச் செய்தி அனுப்ப வழிவிட வேண்டும் என்று சட்டமே இயற்றியிருக்கிறது. இத்தகைய பெருநிறுவனங்களின் ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்த 2024 மார்ச்சில் இங்கே வெளியான டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவைக் கிடப்பில் போட்டுவிடாதபடி நம் எம்.பி. நாடாளுமன்றத்தில் பேச வேண்டும்.

அதுவரை மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எச்சரிக்கைகளை நாகர்கோவில் வானொலியில் குறித்த நேரங்களில் வாசிக்கலாம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் பலகை வைத்து அன்றாடம் எழுதலாம். கடலோர ஊர்களில் ஆலய ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. ஆலயங்களை நிர்வகிக்கும் பங்குப் பேரவைகளிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவும் இருக்கட்டும், அது கூடுதல் வசதியாக மட்டும் இருக்கட்டும். அடுத்த மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்க இருக்கிறோம். மற்ற ஊர்க்காரர்களும் அன்று ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மீனவர் குடும்பத்து வாசகர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.